படுத்துக்கொண்டு போக ஒரு கார்

பிரான்சிஸ்டவுன்
11 பிப்ரவரி 1996

கசூபா அம்மாவுக்கு,

போனில் பேசமாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சிசோனே பெரியவரின் எண்ணுக்கு மூன்று முறை அடித்தேன். முதல் முறை, "தோட்டத்துல இருக்கா" என்றார். அடுத்த முறை, "மார்க்கெட் போயிருக்கா." மூன்றாவது முறை அவரிடமே பொய் தீர்ந்துபோய்விட்டது. "லெங்வே, அவ இங்கதான் நிக்கிறா. பேசமாட்டாளாம். எழுதச் சொல்றா" என்றார்.

நம் சண்டையைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரு கார் பார்த்திருக்கிறேன்.

இங்கே கால்நடை டாக்டர் ஒருவர் போன வருஷம் காலமானார். அவர் மனைவி திருமதி ஸ்டேய்ன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு பிரிட்டோரியாவில் இருக்கப் போகிறார். காரையும் விற்கிறார். ஜெர்மன் கார், ஒன்பது வயது, கருநீலம், உள்ளே தோல் இருக்கை. பெரிய மனிதர்கள் வைத்துக்கொள்ளும் வகைதான். ஆனால் இதில் கூரை கடைசிவரை நீண்டு போகிறது, பின்னால் பெரிய கதவு. பின்னிருக்கையை மடித்துவிட்டால் ஒரு சின்ன அறை மாதிரி இருக்கிறது. டாக்டர் அதில் கன்றுக்குட்டிகளை ஏற்றிப் போவாராம்.

டேப் கொண்டுபோய் அளந்தேன். நீளம் நூற்றெண்பத்தைந்து சென்டிமீட்டர். சக்கர மேடுகளுக்கு நடுவே அகலம் நூற்றுப்பத்து. நம் பெண் கசூபாவின் உயரம் நூற்று ஐம்பத்து மூன்று. மாவுக்கட்டையும், இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்திருக்கிற கட்டையையும் சேர்த்தால் முழங்கால் பக்கம் எண்பத்திரண்டு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அளந்துகொண்டேன், நீ கவனிக்கவில்லை. எந்த மினிபஸ் கதவிலும் அது நுழையாது. இந்தக் காரில் நுழையும், பக்கத்தில் நீ உட்காரவும் இடம் இருக்கும்.

ஜூலையில் மினிபஸ் அவளை இடித்துத் தள்ளி இடுப்பை நொறுக்கியபோது நான் அங்கே இல்லை. அதை நீ சொல்லிக்காட்டாத நாள் இல்லை. ஆனால் ஜனவரியில் அவளை லுசாகாவுக்கு எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனபோது நானும் அந்தத் திறந்த பிக்கப்பில்தான் இருந்தேன். கபிரியைத் தாண்டியதும் மழை பிடித்ததும், தார்ப்பாயை நாம் ஆளுக்கொரு பக்கம் பிடித்ததும், மாவு கரைந்து அவள் சட்டையெல்லாம் வெள்ளையாக வழிந்ததும் எனக்கும் தெரியும். கரும்பலகையைத் துடைக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைதான் கண்ணில் நிற்கிறது.

வாங்கட்டுமா, சொல்.

லெங்வே


லுவான்ஷியா
24 பிப்ரவரி 1996

கசூபா அப்பாவுக்கு,

நீங்கள் அளந்ததை நான் பார்த்தேன். அவள் தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் டேப்பை வைத்தீர்கள். அவளும் தூங்கவில்லை.

காரைப் பற்றி சிசோனே பெரியவரிடம் கேட்டேன். முப்பது வருஷம் சுரங்கத்து ஆம்புலன்ஸ் ஓட்டியவர், அவருக்குத் தெரியாததா. "நல்ல வண்டிதாம்மா. ஆனா ஒரு கண்ணாடி ஒடைஞ்சாக்கூட ஜொகன்னஸ்பர்க்லேருந்துதான் வரணும். அது வர்றதுக்குள்ள வண்டிக்குள்ள கோழி குடியேறிடும்" என்றார். பிறகு மனசு கேட்காமல், "கறுப்புன்னு சொன்னானா, நீலம்னு சொன்னானா?" என்று விசாரித்தார். ஆண்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது.

மார்ச் பதினைந்தில் கட்டைப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு அவள் உட்காருவாள். உட்கார்ந்துவிட்டால் பஸ் போதும். ஒரு தடவைப் பயணத்துக்காக யாராவது செத்துப்போனவர் காரை வாங்குவார்களா? நீங்கள் அங்கே மிச்சம் பிடித்திருப்பதில் லுசாகாவில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தால், நடக்கப் பழகும்வரை அவளோடு அங்கேயே இருந்துவிடுவேன். நகராட்சி ஆபீஸில் சம்பளமில்லாத விடுப்பு தருவார்கள். தட்டச்சு இயந்திரம் எனக்காக அழாது.

இன்னொன்று. அவளைக் கட்டிலிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும். தலைப்பக்கம் நான் பிடிக்கிறேன். கால்பக்கம் பிடிக்க வேண்டியவர் பிரான்சிஸ்டவுனில் உட்கார்ந்து கார் அளந்துகொண்டிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று ஜனவரியிலும் சொன்னேன். மூட்டையைக் கட்டினீர்கள்.

வாங்க வேண்டாம்.

சோலா


பிரான்சிஸ்டவுன்
7 மார்ச் 1996

கசூபா அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை இன்னும் கோபம் வந்தது.

ஆடம்பரத்துக்காக வாங்குகிறேன் என்று நீ எழுதவில்லை, ஆனால் அந்த வாசனை வருகிறது. நான் இன்னும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். சுரங்கத்துப் பள்ளியில் ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் எல்லை தாண்டி இங்கே வந்தேன். திரும்பி வந்து கால்பக்கம் பிடிக்கிறேன், சரி. கட்டுக்கும் மருந்துக்கும் யார் கையைப் பிடிப்பது?

மொடிசே என்ற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே படுத்தார், மேலே ஏறிக் குதித்தார், எண்ணெயை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார். "வண்டி நல்ல வண்டி, வாத்தியாரே. நோய் வராது. வந்தா பணக்கார நோயாத்தான் வரும்" என்றார்.

அவர் போன பிறகு ஒரு காரியம் செய்தேன். சிரித்தாலும் சிரி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறிப் படுத்துப் பார்த்தேன். உன் மகள் மாதிரி இரண்டு காலையும் விரித்து, அசையாமல். திருமதி ஸ்டேய்னை மெல்ல ஓட்டச் சொன்னேன். ரயில்பாதையைக் கடந்தோம், மேடு பள்ளம் ஒன்றுமே முதுகுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து நின்ற பிறகும் நான் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது.

"தூங்கிட்டீங்களா?" என்றார்.

"இல்லம்மா. எம் பொண்ணு இப்படித்தான் படுத்திருக்கா. எட்டு மாசமா."

அவர் சாவியை உருவி எடுத்தார். "ஏப்ரல் பத்தாம் தேதி நான் கிளம்புறேன். புலவாயோலேருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. அதுவரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன்" என்றார்.

பதினைந்தாம் தேதி டாக்டர் என்ன சொல்கிறார் என்று உடனே எழுது. கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்றால் காரைப் பற்றி இனி மூச்சு விடமாட்டேன். பிரிக்கட்டும். அதைவிட வேறென்ன வேண்டும்.

லெங்வே


லுவான்ஷியா
20 மார்ச் 1996

கசூபா அப்பாவுக்கு,

கட்டைப் பிரித்தார்கள். பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

எலும்பு சேரவில்லை. உள்ளே சீழ் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் இரண்டாவது தடவை அறுக்க வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டேன். "அம்மா, எலும்பு காலண்டர் பார்க்காது" என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான். சொல்லிவிட்டு அவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகும்போது கருவாட்டு லாரியில் போனோம். வரும்போது எந்த லாரியும் ஏற்றவில்லை. "வழியில பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா போலீஸ் என்னைத்தான் பிடிக்கும்" என்று ஒரு டிரைவர் சொன்னதும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கருவாட்டு லாரியே திரும்பி வரும்வரை இரண்டு நாள் பஸ் நிலையத்துத் தாழ்வாரத்தில் கிடந்தோம். இரண்டாம் நாள் காலையில் கசூபா என்னைக் கூப்பிட்டு, "அம்மா, இந்தப் பக்கம் வந்து நில்லு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நில்லேன்" என்றாள். அடக்க முடியாமல் போய்விட்டது. வயதுக்கு வந்த பெண். இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கெ துணியை அவிழ்த்து விரித்துப் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறவந்த ஊர் முழுக்கத் தாண்டிப் போகும்வரை நின்றேன்.

அறை வேண்டாம். நான் சொன்னதெல்லாம் போகட்டும். காரை வாங்குங்கள்.

சோலா


பிரான்சிஸ்டவுன்
27 மார்ச் 1996

கசூபா அம்மாவுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று தெரியாமலே எழுதுகிறேன். சிசோனே வீட்டுக்கு அடித்தால் மணியே போகவில்லை. கம்பியைச் செம்புக்காக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நேற்று ஊரிலிருந்து வந்த பஸ்காரர் சொன்னார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். டீ கொடுத்தார். அவர் டீ கொடுத்தபோதே புரிந்திருக்க வேண்டும். கணக்குப் பாடத்துக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளே படித்துவிட்டு வந்துவிட்டார்களாம். ஆகஸ்டோடு என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கமாட்டார்கள். "நீங்க நல்ல வாத்தியார், அதுல சந்தேகமே இல்ல" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

இப்போது காரை வாங்கினால் ஆகஸ்டுக்குப் பிறகு அதற்குப் பெட்ரோல் போட வழியில்லை. வாங்காவிட்டால் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோக வழியில்லை. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு நேராகவில்லை, சோலா. முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாக உன்னிடம் கேட்கிறேன். நீயே முடிவு செய். வேண்டாம் என்று நீ சொன்னால் எனக்கு நிம்மதியாகக்கூட இருக்கும். ஆனால் பத்தாம் தேதிக்குள் உன் பதில் இங்கே வந்தாக வேண்டும்.

லெங்வே


லுவான்ஷியா
3 ஏப்ரல் 1996

கசூபா அப்பாவுக்கு,

என் போன கடிதம் கிடைத்திருக்கும். கிடைத்து இன்னும் வாங்கியிருக்காவிட்டால் வாங்காதீர்கள்.

நேற்று உங்கள் மார்ச் ஏழாம் தேதிக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்ததைக் கேட்டால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் காரை எனக்காகவா வாங்குறீங்க?"

"பின்ன யாருக்கு?"

"நான் படுத்துட்டுப் போறதுக்கா?"

"ஆமா."

"அப்போ நான் எந்திரிக்கவே மாட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்களா?"

அப்படியெல்லாம் இல்லை, ஆபரேஷனுக்குப் போய்வரத்தான் என்றேன். "ஒரு தடவை போய்வர யாராச்சும் காரே வாங்குவாங்களாம்மா?" என்று கேட்டாள். இதே வார்த்தையை நான் உங்களுக்கு எழுதியிருந்தேன். அவளிடம் சொன்னதில்லை.  "அப்பாகிட்ட சொல்லு, உக்காந்து போற கார் வாங்கச் சொல்லு. சின்னதா இருந்தாலும் பரவால்ல. நான் எந்திரிக்கிற வரைக்கும் அது நிக்கட்டும்" என்றாள். அப்புறம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள், காலையிலும் ஒரு வாய்தான்.

நான் ஒருமுறை வேண்டாம் என்றேன், ஒருமுறை வாங்குங்கள் என்றேன், இப்போது மறுபடியும் வேண்டாம் என்கிறேன். பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் போக வேறு ஏதாவது வழி பார்க்கிறேன். கருவாட்டு லாரிக்காரர் நல்லவர்.

சோலா


பிரான்சிஸ்டவுன்
9 ஏப்ரல் 1996

கசூபா அம்மாவுக்கு,

மார்ச் இருபதாம் தேதி நீ எழுதியது இன்று காலையில் கிடைத்தது. பஸ் நிலையத்தில் நடந்ததைப் படித்துவிட்டு முதல் பாடத்துக்குப் போகாமல் நேரே திருமதி ஸ்டேய்ன் வீட்டுக்குத்தான் போனேன். கார் நம்முடையதாகிவிட்டது.

வேலை விஷயத்தைப் படித்த பிறகும் நீ வாங்கு என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். தேதியைப் பார்த்தால் அப்படி இருக்க முடியாது என்று பிறகுதான் உறைத்தது. ஆனால் அதற்குள் சாவி கைக்கு வந்துவிட்டது. ஆகஸ்டுக்குப் பிறகு நடப்பதை ஆகஸ்டில் பார்ப்போம்.

பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை மூடுகிறது. அன்றைக்கே கிளம்புகிறேன். எல்லை ஆற்றைக் கடக்கக் கசுங்குலாவில் படகுக்கு எத்தனை நாள் நிற்க வேண்டியிருக்குமோ தெரியாது. பஞ்சு மெத்தை ஒன்று சரியான அளவில் வெட்டி வைத்திருக்கிறேன். அவளிடம் சொல், அவள் அப்பா வண்டியோடு வருகிறார் என்று. இல்லை, சொல்லாதே. வாசலில் ஹாரன் அடிக்கிறேன்.

லெங்வே


பிரான்சிஸ்டவுன்
5 மே 1996

சோலா,

நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்ததும் காலில் உன் கடிதம் தட்டுப்பட்டது. ஏப்ரல் மூன்றாம் தேதி போட்டது.

பதினைந்து நாள் உன்னோடு இருந்தேன். ஹாரன் அடித்தபோது நீ ஓடிவந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றாய். சிசோனே பெரியவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கசூபாவைக் கால்பக்கம் நான்தான் பிடித்துத் தூக்கிப் படுக்கவைத்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "மெத்துன்னு இருக்குப்பா" என்றாள். லுசாகா போய்ச் சேரும்வரை அவள் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டு நானே ஏதேதோ பேசிக்கொண்டு ஓட்டினேன். ஏறி இறங்கும் கண்ணாடிப் பொத்தானை அழுத்திக் காட்டினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நீ ஏன் சொல்லவில்லை? வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் விற்றிருப்பேன். மாட்டேனோ என்னவோ. எப்படிப் போயிருப்போம்?

உன்னை மட்டும் கேட்க எனக்கு உரிமை இல்லை. நானும் வேலை விஷயத்தைப் பேசவில்லை. கடிதம் கிடைத்திருக்கும், நீயாகப் பேசாவிட்டால் பேச விருப்பமில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் விடைபெறும்போது அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கினாளா என்று எழுது. சாவி பெரியவரிடம் இருக்கிறது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று டாக்டர் சொன்னதும் பெரியவரையே ஓட்டிவரச் சொல்.

லெங்வே


லுவான்ஷியா
2 ஜூன் 1996

கசூபா அப்பாவுக்கு,

தூங்கவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் ஹாரன் அடித்துவிட்டு இறங்கி நின்றீர்களே, மூன்று நாள் தூசி தலையெல்லாம். அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது? கசூபாவிடமும் நான்தான் கெஞ்சினேன், அப்பாவிடம் எதுவும் சொல்லாதே என்று. சரி என்றாள். உங்கள் வேலை போன கடிதம் நீங்கள் பஸ் ஏறிய மறுநாள் வந்ததாம், பெரியவர் வாங்கி வைத்திருந்தார். அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன். வாருங்கள். ஆகஸ்டில் கால்பக்கம் பிடிக்க ஆள் இருக்கும். எதை வைத்துச் சாப்பிடுவது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

வியாழக்கிழமை அவளை அனுப்பினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சீழ் நின்றுவிட்டது, உயிருக்குப் பயமில்லை. ஆனால் எலும்பை ஒன்றோடொன்று பொருத்தி இறுக்கியிருக்கிறார்கள். அந்த இடுப்பு இனி மடங்காது. கட்டுப் பிரித்த பிறகு ஊன்றுகோல் வைத்து நிற்பாள், கொஞ்சம் நடப்பாள். மற்றவர்களைப் போல உட்கார முடியாது. எங்கே போனாலும் படுத்தோ சாய்ந்தோதான் போக வேண்டியிருக்கும்.

ஆக, நீங்கள் வாங்கியது சரியான கார்தான். படுத்தே போகத்தான் இந்தக் கார் என்று அவள் பயந்ததும் சரிதான். அது எனக்குத் தாங்கவில்லை. டாக்டர் பேசி முடித்ததும், ஆஸ்பத்திரி வாசலில் பெரியவர் துடைத்து வைத்திருந்த வண்டியைப் பார்த்தேன். கல்லை எடுத்துக் கண்ணாடியில் போடலாம் போலிருந்தது. பிறகு அதில்தான் அவளை ஏற்றினோம். டாக்டர் சொன்னதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்காததால் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வழியில் நடந்ததை எழுத வேண்டும்.

தையல் புதுசு, அதனால் பெரியவர் மெல்லத்தான் ஓட்டினார். ஆம்புலன்ஸ் பழக்கத்தில் பகலிலேயே முன்விளக்கையும் போட்டுவிட்டார். கப்வே தாண்டியதும் கரி மூட்டை கட்டிய சைக்கிள்காரர்கள் எதிரே வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒவ்வொருவராக இறங்கி, சைக்கிளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றினார்கள். கொஞ்சதூரம் போனால் தக்காளி விற்கிற பெண்கள் எழுந்து, மண்டிபோட்டுத் தலை குனிந்துகொண்டார்கள். நீளக் கார், மெல்லப் போகிறது, விளக்கு எரிகிறது, பின்னால் வெள்ளையாக ஒன்று படுத்திருக்கிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"யாருக்கும்மா இதெல்லாம்?" என்றாள்.

 பெரியவர்தான் முன்னாலிருந்து, "பெரிய காருன்னா ஜனங்க மரியாதை கொடுப்பாங்க, கண்ணு" என்றார்.

"பொய் சொல்லாதீங்க தாத்தா. நான் செத்துட்டேன்னு நினைக்கிறாங்க."

பெரியவர் விளக்கை அணைக்கப் போனார். "அணைக்காதீங்க" என்றாள். அடுத்த கூட்டம் வந்தது. ஏழெட்டு ஆண்கள், தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு. அவள் கையைத் தூக்கிக் கண்ணாடியைத் தட்டி, அவர்களைப் பார்த்து ஆட்டினாள். ஒருவர் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். இன்னொருவர் தொப்பியைத் தலையில் வைப்பதா கையில் வைப்பதா என்று தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அவள் சிரித்தாள். கட்டு இடித்து வலிக்க வலிக்கச் சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு அந்தச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன். பெரியவருக்கும் சிரிப்பு வந்து வண்டி ஆடியது. நான் அழுதேனா சிரித்தேனா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கபிரிவரைக்கும் ஒருவரையும் விடவில்லை. மண்டிபோட்டவர்கள், தொப்பி கழற்றியவர்கள், எல்லோருக்கும் கையாட்டினாள். அதற்குப் பிறகு கை தளர்ந்துபோய் மார்பில் விழுந்துவிட்டது. கண்ணும் செருகியது. தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டேன். அப்போது எதிரே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றுவிட்டார்கள், அவள் வயதுப் பிள்ளைகள்.

"அம்மா, எனக்குக் கை வரல. நீ ஆட்டு" என்றாள்.

லுவான்ஷியா வரும்வரை நான்தான் ஆட்டிக்கொண்டு வந்தேன்.

சோலா